இசைவும் உரிமையும்

2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு மலைத்தொடர் விற்பனைக்கு வந்தது. ஸ்கை என்னும் தீவில் கரிய பாறைகளாய் வானை நோக்கி நிற்கும் கூலின் மலைகளே அவை. அவற்றுக்கு உரியவராயிருந்த மெக்ளவுட் குலத் தலைவர், தம் முன்னோரின் கோட்டையைச் செப்பனிடப் பணம் வேண்டும் என்று கூறி, ஒரு கோடி பவுண்டு விலை குறித்தார். செய்தியைக் கேட்டுச் சிலர் நகைத்தனர், பலர் சினந்தனர். அச்சிகரங்கள் அவர் குடும்பத்துக்குத்தான் உரியனவா என்று பழைய பட்டயங்களும் ஆராயப்பட்டன. முடிவில் விற்பனை நடைபெறவில்லை.

விற்பனை நடைபெறாவிட்டாலும் வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. மலையை விற்பவர் எதனை விற்கிறார்? பாறையைப் பெயர்த்து எடுத்துக் கொடுத்தல் இயலாது. மலைமேல் பெய்யும் மழையையும் படியும் முகிலையும் எழுதிக் கொடுத்தல் இயலாது. விளைச்சலோ அங்கு இல்லை. வாங்கியவர் பெறுவனவற்றுள் தலையானது, அங்கு வரும் பிறரைப் பார்த்து 'நில்' என்று சொல்லும் அதிகாரமே எனலாம். அத்தகைய அதிகாரம் ஒரு மலையின்மீது எவருக்கேனும் இருத்தல் தகுமா? தகுமாயின், அஃது எந்த எல்லை வரையில் செல்லலாம்? இவையே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியவை.

நம் நாட்டு வாசகர்க்கு ஒரு சொல்லைப் பற்றி முதலில் கூறிவிட வேண்டும். 'எஸ்டேட்' என்றால் நமக்குப் பால்மரமும் தேயிலையும் செம்பனையும் நிறைந்த தோட்டமே நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தின் மலை எஸ்டேட்டுகள் அவ்வாறானவை அல்ல. அவற்றின் பெரும்பகுதியில் நட்டு வளர்த்தது ஒன்றும் இல்லை. ஹெதர் என்னும் குறும்புதரும் சதுப்பும் பாறையுமே கண்ணுக்கு எட்டிய வரை. கலைமானும், கௌதாரியை ஒத்த குரௌஸ் என்னும் பறவையும் அங்குத் திரியும். செல்வர்கள் அவற்றை வேட்டையாடுவதற்காகவே பல்லாயிரம் ஏக்கர் நிலம் ஒரே கையில் கிடக்கிறது.

அம்மலைகள் மனிதர் வாழாத வெறுமையாய் இருப்பது இயற்கையின் செயல் மட்டும் அன்று. 1814இலும் 1819இலும் ஸ்ட்ராத்நேவர் என்னும் பள்ளத்தாக்கில் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டியிருந்தது. மக்கள் திரும்பி வாராதிருக்கக் கூரைகள் கொளுத்தப்பட்டன. பிற மலைநாட்டுப் பகுதிகளிலும் இவ்வாறு நிகழ்ந்தது. ஆட்டுத் தொழில் இலாபம் தராமற்போன பின்னர், அந்நிலங்கள் பல மானுக்கு விடப்பட்டன. அந்நாட்டிலிருந்து கடல் கடந்தவர்களுள் நம் வரலாற்றோடு தொடர்புடையோரும் உண்டு. 1821இல் சிங்கப்பூருக்கு வந்து வாணிகம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஒரு ஸ்காட்லாந்தியர். அவர் பெயரால் வளர்ந்த நிறுவனம் பிற்காலத்தில் மலாயாவின் பெருந்தோட்ட முதலாளிகளுள் ஒன்றாயிற்று. நம் முன்னோர் 'துரை' என்று அழைத்த தோட்ட மேலாளர்களுள் ஸ்காட்லாந்தியர் பலர். ஆகவே, அந்நாட்டு மலைகளைப் பற்றிப் பேசுவது நமக்கு முற்றிலும் அயலான பேச்சு அன்று.

நில உரிமையாளரின் வழக்கை முதலில் நேர்மையோடு கேட்க வேண்டும். மான் வேட்டை நாளில் வேட்டைத் துணைவர் விடியலிலேயே புறப்பட்டு, காற்றின் திசை அறிந்து, ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்து மணிக்கணக்காய் மந்தையை நெருங்குவார். அப்போது எதிர் முகட்டில் மலையேறுபவர் ஒருவர் தோன்றினால் போதும். அவருடைய வாடை காற்றில் கலந்ததும் மந்தை முழுவதும் கலைந்து ஓடிவிடும். அன்றைய உழைப்பு வீண். அந்த வேட்டைத் துணைவர் செல்வர் அல்லர். சிற்றூரில் மனைவி மக்களோடு கூலிக்கு வாழ்பவர். மேலும், மலையேறுவோர் இன்று விரும்பி நடக்கும் நல்ல பாதைகளுள் பல, வேட்டையில் வீழ்ந்த மானைக் குதிரைமேல் ஏற்றி இறக்குவதற்காக எஸ்டேட்டு ஆள்கள் வெட்டி அமைத்தவையே. ஒருவர் செலவில் அமைந்த பாதையில் நடந்துகொண்டே அவருக்கு மலைமேல் உரிமை இல்லை என்று வாதிடுவதில் சற்று நாணம் இருக்கத்தான் வேண்டும்.

எனினும், உழைப்பே உரிமைக்கு வேர் என்று கொண்டால் அவ்வழக்கு நெடுந்தூரம் செல்லாது. மனிதன் தன் உழைப்பை நிலத்தோடு கலப்பதால் அது அவனுக்கு உடைமையாகிறது என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் வாதிட்டார். அவ்வளவுகோலைக் கொண்டு அளந்தால் பாதை அவ்வாள்களுக்கு உரியதாகலாம். பாதைக்கு மேலே நிற்கும் முகட்டோடு எவர் உழைப்பைக் கலந்தார்? நம் தோட்டங்களை அதே கோலால் அளக்கத் தொடங்கினால், காட்டை அழித்து மரம் நட்டவர் யார், பால் வெட்டியவர் யார் என்னும் வினாக்கள் எழும். லாக் அவ்விடைகளை விரும்பியிருப்பாரா என்பது ஐயமே.

மலைக்குச் செல்ல உரிமை வேண்டும் என்ற போராட்டம் அங்கே நீண்டது. 1880களில் வில்லியம் வைனன்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் வேட்டைக்காகப் பெரும் மலைப்பரப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். செருப்புத் தைக்கும் ஏழை ஒருவர் வளர்த்த ஆட்டுக்குட்டி அந்நிலத்துப் புல்லைத் தின்றது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1885இல் நீதிமன்றத்தில் தோற்றார். ஓர் ஆட்டுக்குட்டிக்கு எதிராக இவ்வளவு பெரிய சினம் எழுமாயின், மனிதக் காலடிக்கு எதிராக எவ்வளவு எழும் என்று எண்ணிக்கொள்ளலாம். 1884இல் ஜேம்ஸ் பிரைஸ் என்னும் உறுப்பினர், மலைகளில் நடக்கும் உரிமையைச் சட்டமாக்கக் கோரி நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. பின்னரும் முயன்றார், அவையும் பயனளிக்கவில்லை.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்க்கு அண்மையில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் இருந்தது. ஆறு நாள் ஆலைப்புகையில் உழைத்தவர் ஏழாம் நாள் அங்குச் செல்ல விழைந்தனர். அந்நிலமோ குரௌஸ் வேட்டைக்கென மூடப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் நூற்றுக்கணக்கானோர் கூட்டமாய் அதன்மேல் ஏறினர். அவர்களை வழிநடத்திய பென்னி ராத்மன் இருபது வயது இளைஞர். காவலாள்களோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐவர் சிறை சென்றனர். தண்டனை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை. ஒரு மேட்டின்மேல் நடக்க விரும்பியதில் தொடங்கி, சிறையில் முடிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். "அனுமதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்களே! கேட்டுவிட்டுப் போவதில் என்ன குறை?" என்று வினவுவோர் உண்டு. நல்ல வினாவே. இதற்கு விடை தேட, என் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

என் தாய்மாமா வேறொரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தீபாவளிக்கு முன்னாள் எங்களைக் காண வருவார். கையில் பலகாரப் பொட்டலமும் எனக்கு ஒரு சட்டையும் இருக்கும். தோட்ட வாயிலில் ஜாகா அவரை நிறுத்துவார். உள்ளே ஆள் அனுப்பிக் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி 'சரி' என்ற பின்னரே அவர் உள்ளே வரலாம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமா அங்கு நிற்பார். ஒரு முறையேனும் அவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கிராணி நல்ல மனிதர். என் தந்தைக்கு வேண்டியவருங்கூட. ஆயினும், வாயிலைக் கடந்து லயத்துக்கு வரும் வரையில் மாமா வாய் திறக்க மாட்டார். "உடன் பிறந்தவளைப் பார்க்கிறதுக்கும் ஒருத்தன் தலையாட்டணும்" என்று ஒரு நாள் என் தாயிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

அவர் மனத்தைப் புண்படுத்தியது மறுப்பு அன்று. மறுப்பு ஒருபோதும் வரவில்லை. மறுக்கக்கூடிய ஒருவர் இருந்தார் என்பதே அவரைப் புண்படுத்தியது. கிராணியின் நற்குணம் அதனை மாற்ற இயலாது. நற்குணம் மிகுந்தவர் பணி மாறிப் போனால், அடுத்து வருபவர் எத்தகையவரோ? நம் போக்குவரவு இன்னொருவருடைய குணத்தின்மேல் தொங்குமானால், அக்குணம் நல்லதாய் இருக்கும் நாளிலும் நாம் தொங்கிக்கொண்டே இருக்கிறோம்.

இஃது ஒரு குடும்பத்தின் தனிக் குறை அன்று என்பதைப் பின்னர் வரலாற்று நூல்களில் கண்டேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் நம்மவர் அறிந்ததே. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது; பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது; துரைமார் எதிரே மிதிவண்டியில் அமர்ந்து செல்லும் உரிமை இருந்தது. அவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்ல வேண்டும் என்பதும் இருந்தது. மாணவர்க்கு இப்பட்டியலைச் சொல்லும்போது கூலி என்றதும் புரிந்துகொள்கின்றனர். விருந்தினர் வருகையும் மிதிவண்டியும் ஏன் அங்கு இடம் பெற்றன என்று வியக்கின்றனர். கூலி குறைந்தால் வயிறு வாடும். மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்பதிலும், உறவினர் வாயிலில் நிற்பதிலும் வேறொன்று வாடியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதியவர்கள் தெளிவாகவே சிந்தித்திருக்கிறார்கள்.

அப்படியானால் அனுமதி கேட்பதே இழிவா? அன்று. அடுத்த வீட்டுக்குச் செல்கிறோம். வாசலில் நின்று குரல் கொடுக்கிறோம். "உள்ளே வாங்க" என்ற பின்னர் நுழைகிறோம். இதில் எவர்க்கும் குறைவு தோன்றுவதில்லை. விருந்தோம்பலைப் பெரிதாகப் போற்றிய இனம் நம் இனம். வாசலில் நிற்கும் விருந்தினரும் வரவேற்கும் இல்லத்தாரும் ஆகிய இருவரும் அங்கே பெருமை அடைகின்றனர். காரணம் என்னவெனில், நாளை அவர் நம் வாசலில் நின்று அதே போலக் குரல் கொடுப்பார். இன்று கேட்பவர் நாளை கேட்கப்படுபவர். தோட்டத்தில் நிலைமை வேறு. லயத்தைப் பார்வையிட வந்த துரை எங்கள் வாசலில் நின்று குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் அடுப்படி வரைக்கும் அவர் கேளாமல் வரலாம். எங்கள் மாமாவோ மண்சாலையில் கால் வைக்கவும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கேட்கும் கேள்வி பண்பாடு ஆகாது.

வீட்டுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று கருதுகிறேன். வீட்டில் ஒருவர் உறங்குகிறார், உண்கிறார், அழுகிறார். அங்கே அயலார் கண் படாதிருத்தல் அவருக்குத் தேவை. அத்தேவை குடிசைக்கும் கோட்டைக்கும் ஒன்றே. பத்து மைல் அகன்ற மலைச்சரிவில் எவரும் அவ்வாறு வாழ்வதில்லை. அதனை இல்லத்தின் முற்றம் போலப் பாவித்து, 'என் வாசலில் நின்று கேள்' என்பது, வீட்டுக்குரிய மரியாதையை நிலத்துக்குக் கடன் வாங்குவதாகும். தமிழில் 'புறம்போக்கு' என்றொரு சொல் உண்டு. வரி விதிக்கப்படாமல் ஊருக்குப் பொதுவாய் விடப்பட்ட மேய்ச்சல் நிலம், வழிநடை, நீர்க்கரை ஆகியவற்றைக் குறித்த சொல் அது. இன்று அதனை வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். எவருக்கும் தனியே உரியதல்லாத நிலம் மதிப்பற்றது என்று நாமே நம்பத் தொடங்கியதன் அடையாளமோ என்று சில வேளை எண்ணுவதுண்டு.

உரிமையாளரும் மலையேறுவோரும் ஒரே மேசையில் அமர்ந்து விதிகளை வகுத்த நிகழ்ச்சி ஒன்று ஸ்காட்லாந்தில் உண்டு. மேற்கு மலைநாட்டில் லெட்டரூ என்னும் எஸ்டேட்டை பால் வான் விலிசிங்கன் என்னும் டச்சு வணிகர் வைத்திருந்தார். மலைக்குச் செல்வோர்க்கும் எஸ்டேட்டுக்கும் இடையே பூசல் எழுந்தது. வழக்குமன்றம் செல்லாமல் அவர் மலையேற்றக் கழகத்தாரையும் நடைப்பயணச் சங்கத்தாரையும் அழைத்துப் பேசினார். 1993இல் உடன்பாடு ஒன்று உருவாயிற்று. மக்கள் அந்நிலத்தில் நடக்கும் உரிமையை அஃது ஏற்றது. அதற்கு ஈடாக, சிறு குழுக்களாய் வருக, நிலத்தில் தடயம் விடாது செல்க, மான் வேட்டை நடைபெறும் நாள்களில் எஸ்டேட்டாரோடு கலந்துகொள்க என்று வருவோரிடம் வேண்டியது. விதிகள் பெரிதும் மாறிவிடவில்லை என்று சொல்வோர் இருக்கலாம். முன்னரும் வேட்டைக் காலத்தில் தொலைவில் இருக்கச் சொன்னார்கள். இப்போதும் அதனையே சொல்கிறார்கள். ஆனால், முன்னர் அது காவலாளியின் கட்டளை. இப்போது அது வேட்டைத் துணைவரின் உழைப்பை அறிந்த ஒருவர் தாமே வேறு முகட்டுக்குச் செல்வது. நடந்த பாதை ஒன்றாகவே இருக்கலாம். நடந்தவரின் நிலை ஒன்றன்று.

பத்தாண்டுக்குப் பின், 2003இல் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005 முதல் அதன் நடைவழி உரிமை நடைமுறைக்கு வந்தது. தனியார் மலையாயினும் ஏரியாயினும், பகலிலும் இரவிலும், எவரும் பொறுப்புடன் சென்று வரலாம். வீட்டுக்கும் அதனைச் சூழ்ந்து தனிமைக்குத் தேவையான நிலத்துக்கும் இவ்வுரிமை இல்லை. பயிர் நிற்கும் வயல், பள்ளி வளாகம் ஆகியவற்றுக்கும் இல்லை. மோட்டார் வண்டியில் செல்லவும் வேட்டையாடவும் இச்சட்டம் இடம் தரவில்லை. நில உரிமையாளர்க்கும் கடமை உண்டு; மக்களைத் தடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட பலகையையோ வேலியையோ அவர் வைத்தல் ஆகாது. சட்டத்தின் உயிர் 'பொறுப்புடன்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கியவர் பணம் செலுத்தியதோடு தம் கடமை தீர்ந்ததாகக் கருதலாம். உரிமையோடு வருபவர்க்கு அவ்வாறு தீர்ந்துவிடுவதில்லை. குட்டி ஈனும் பருவத்து விலங்கு, திறந்த வாயிற்கதவு, மூட்டிய தீ, பின்னால் வரும் மனிதர் என ஒவ்வொன்றுக்கும் அவரே விடை சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு உறுத்தலாய் நிற்கும் ஒன்றையும் மறைத்தல் கூடாது. லாக் லோமண்ட் என்னும் பெரிய ஏரியைச் சூழ்ந்த தேசியப் பூங்காவில், கரையோரம் கூடாரமிட்டோர் மரங்களை வெட்டித் தீ மூட்டினர்; குப்பையையும் கிழிந்த கூடாரங்களையும் அங்கேயே விட்டுச் சென்றனர். 2017 மார்ச் முதல் அங்குக் குறித்த சில கரைகளில், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை கூடாரமிட அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தது. சட்டம் கொடுத்ததில் ஒரு சிறு பகுதியை விதி திரும்பப் பெற்றுக்கொண்டது. வகுப்பில் இருவர் செய்த குறும்புக்கு நாற்பது பேரையும் வெயிலில் நிறுத்தும் ஆசிரியரை நாம் குறை கூறுகிறோம். நானும் ஒரு முறை அவ்வாறு நிறுத்தியிருக்கிறேன். அன்று மாலை வீடு திரும்பும்போது மனம் நிம்மதியாய் இல்லை. ஆனால், அந்த இருவர் யார் என்று கண்டுபிடிக்க இயலாத போது ஏரிக்கரையைக் காப்பது எங்ஙனம்? பிறர் குற்றத்துக்காக ஒருவருடைய உரிமையைச் சுருக்குதல் அநீதி. எரிந்த கரையைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தலும் அநீதியே. அச்சீட்டை வழங்குவது தனி ஒருவர் அல்லர், மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட ஒரு பொது அமைப்பு என்பது வேறுபாடுதான். அந்த வேறுபாடு போதுமா என்பதில் என் மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நம் நாட்டிலும் காட்டு மலைகள் பலவற்றுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். மலை வழி தவறுவோரைத் தேடிச் செல்வோர்க்கு, மேலே சென்றவர் எத்தனை பேர் என்று தெரிந்திருத்தல் நலமே. அந்த அளவில் அதனைக் குறை கூற மாட்டேன். மாமா வாயிலில் நின்றதும் மாணவர் படிவம் நிரப்புவதும் ஒன்றல்ல. படிவத்தை ஒவ்வொருவரும் நிரப்புகின்றனர்; துரை மகனுக்கும் பால் வெட்டுபவர் மகனுக்கும் அதே படிவம். ஆயினும், நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல இன்றும் தோட்ட நிறுவனத்துக்கு உரிய நிலத்தில் நிற்கின்றன என்பதை ஆசிரியர்கள் அறிவர். அத்தகைய பள்ளிக்குச் செல்லும் சாலையும் இன்னொருவருடைய நிலத்தின் வழியே செல்வதாக இருக்கலாம். அங்கே நடந்து வரும் பிள்ளைக்கு அது உரிமையா, இசைவா என்பது மலையைப் பற்றிய வினாவைவிட நமக்கு அண்மையானது.

கிண்டர் ஸ்கௌட்டைப் பற்றி ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. 1932இல் அந்நிலத்தில் பெரும்பங்கு டெவன்ஷயர் பிரபுவுக்கு உரியதாயிருந்தது. எழுபது ஆண்டு கழித்து, 2002 ஏப்ரலில், அதே மலையடிவாரத்தில் மக்கள் கூடினர். அக்குடியின் பதினோராவது பிரபு அங்கு வந்து, தம் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்தது தவறு என்று எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். வாயிலில் நின்று கேட்கும் முறை அன்று அவருடையதாயிற்று. பென்னி ராத்மன் அதனைக் கேட்க இல்லை. அவ்வாண்டு ஜனவரியில் அவர் மறைந்துவிட்டார்.